ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்: போன் போட்டோக்களைக் கிளவுடில் பேக்கப் செய்யும் வழி

என் சித்தியின் போன் ஒருநாள் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. அப்புறம் அது உயிர்பெறவே இல்லை. "பரவாயில்லடா, போட்டோ எல்லாம் மேல ஏறியிருக்கும், நீதானே அன்னைக்குப் போட்டுக் கொடுத்த" என்றார். பேக்கப்பை, அதாவது போட்டோக்களின் நகலை இணையம் வழியாகக் கிளவுட் என்னும் நிறுவனக் கணினிகளில் சேமிக்கும் வசதியை, நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன், உண்மை. புது போனில் அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தோம். கடைசியாக ஏறியிருந்த படம் 14 மாதம் பழையது. இலவசமாகக் கிடைத்த இடம் நிரம்பியதும் ஏறுவது அப்படியே நின்றுவிட்டது. 'இடம் நிரம்பிவிட்டது' என்று போன் பலமுறை சொல்லியிருக்கிறது. ஏதோ விளம்பரம் என்று நினைத்துச் சித்தி ஒவ்வொரு முறையும் அதை ஒதுக்கிவிட்டார். அந்த 14 மாதத்துக்குள்தான் அவருடைய பேத்தி பிறந்து, தவழ்ந்து, நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அன்றிலிருந்து யாருக்குப் பேக்கப் சொல்லிக் கொடுத்தாலும், பட்டனை ஆன் செய்துவிட்டு எழுந்து வருவதில்லை. போட்டோ ஏறியிருக்கிறதா என்று வேறொரு கருவியில் திறந்து பார்க்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கட்டுரையும் அதுவரை உங்களோடு வரும். ஆண்ட்ராய்டில் கூகுள் போட்டோஸ், ஐபோனில் ஐகிளவுட் என்று பெரும்பாலானோர் பயன்படுத்தும் இரண்டையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். போனுக்குப் போன், அப்டேட்டுக்கு அப்டேட் மெனு பெயர்கள் கொஞ்சம் மாறும். சொல்லியிருக்கும் பெயர் அப்படியே இல்லையென்றால் அதே பொருள் தரும் வரியைத் தேடுங்கள்.

தொடங்கும் முன் எந்தக் கணக்கு என்று பாருங்கள்

போட்டோக்கள் போனுக்குச் சொந்தமாக ஏறுவதில்லை, ஒரு கணக்குக்குச் சொந்தமாக ஏறுகின்றன. அதனால் முதல் கேள்வி, அந்தக் கணக்கு எது, அதன் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா என்பதுதான். போன் வாங்கிய அன்று கடையிலோ வீட்டுப் பிள்ளைகளோ அவசரத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்திருப்பார்கள். அதன் பெயரும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. போன் கையில் இருக்கும்வரை இது ஒரு குறையாகவே தெரியாது. போன் தொலைந்த அன்றைக்குத்தான் கதவு பூட்டியிருப்பது தெரியும்.

ஆண்ட்ராய்டில் கூகுள் போட்டோஸ் ஆப்பைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் வட்டமாக இருக்கும் உங்கள் படத்தையோ பெயரின் முதலெழுத்தையோ தொடுங்கள். அங்கே தெரியும் மின்னஞ்சல்தான் உங்கள் கணக்கு. ஐபோனில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே இருக்கும் உங்கள் பெயரைத் தொட்டால் தெரியும். அதைத் தாளில் எழுதுங்கள். பாஸ்வேர்டு நினைவில்லை என்றால் போன் நல்லபடியாக இயங்கும்போதே புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கை மீட்பதற்கான தொலைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கும் எண்தானா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் முறையை, கட்டாயம் ஆன் செய்யுங்கள். ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். குறியீடு வருவது அதே போனுக்கு. போனே தொலைந்தால் குறியீடு எங்கே வரும்? இதற்காகவே கூகுள் 10 மாற்றுக் குறியீடுகள் தருகிறது, ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தலாம். அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனிலேயே வைத்தால், சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியைப் பூட்டியது போலத்தான்.

எவ்வளவு இடம் இருக்கிறது?

கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இலவசம். இந்த 15 ஜிபியும் போட்டோவுக்கு மட்டும் அல்ல. ஜிமெயில், கோப்புகளை வைக்கும் டிரைவ், போட்டோஸ் மூன்றும் இதையே பங்கிட்டுக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் உரையாடல்களின் பேக்கப்பும் இப்போது இதில்தான் கணக்காகிறது. 2021 ஜூன் 1 வரை சற்றுச் சுருக்கிய தரத்தில் எத்தனை போட்டோ வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம் என்று இருந்தது. அந்தக் காலத்தில் ஆன் செய்துவிட்டு மறந்தவர்கள் பலர் இன்னும் அதே நினைப்பில் இருக்கிறார்கள். ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான். வேறு கிளவுட் சேவைகளில், ஒன்டிரைவில் 5 ஜிபி, டிராப்பாக்ஸில் 2 ஜிபி.

இது எதற்குப் போதும்? 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஒரு போட்டோ தோராயமாக 3 முதல் 4 எம்பி. அப்படிப் பார்த்தால் 15 ஜிபியில் சுமார் நான்காயிரம் போட்டோ. இடத்தைத் தின்பது வீடியோ. ஐபோனில் 4கே என்னும் மிகத் தெளிவான தரத்தில் ஒரு நிமிடம் எடுத்தாலே ஏறக்குறைய 170 எம்பி. பள்ளி ஆண்டுவிழா நடனம் ஒன்றை முழுதாக எடுத்தால் இருநூறு போட்டோவுக்கான இடம் போய்விடும். உங்கள் போன் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பகுதியைத் திறந்து, போட்டோவும் வீடியோவும் சேர்ந்து எத்தனை ஜிபி என்று பாருங்கள். அந்த எண் இலவச அளவைவிடப் பெரிதாக இருந்தால், இடம் வாங்க வேண்டும் அல்லது முதலில் கொஞ்சம் கழித்துக்கட்ட வேண்டும். போட்டோதான் உங்களுக்கு முக்கியம் என்றால், எல்லோருக்கும் கிடைக்கிற சிறிய சந்தாவை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. இலவச இடத்துக்குள் அடக்க வேண்டுமே என்று மாதாமாதம் எதை அழிப்பது என்று தவிப்பதில்தான் தவறு நடக்கிறது.

ஆண்ட்ராய்டில் ஆன் செய்வது

கூகுள் போட்டோஸில் அதே வலது ஓர வட்டத்தைத் தொட்டு 'போட்டோஸ் செட்டிங்ஸ்', அதற்குள் 'பேக்கப்' என்று போங்கள். போன் தமிழில் இருந்தால் 'காப்புப் பிரதி' என்று இருக்கும். மேலே உள்ள பட்டனை ஆன் செய்யுங்கள். அப்புறம் அதே பக்கத்தில் மூன்று விஷயங்களை விடாமல் பார்க்க வேண்டும்.

முதலாவது தரம். 'ஒரிஜினல் குவாலிட்டி' என்றால் எடுத்தது எடுத்தபடி ஏறும். 'ஸ்டோரேஜ் சேவர்' என்றால் சுருங்கி ஏறும். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட போட்டோ 16-க்குக் குறையும், 1080பி-க்கு (முழு எச்டி தரத்துக்கு) மேற்பட்ட வீடியோ 1080பி-க்குக் குறையும். போன் திரையில் பார்க்கவும் சாதாரண அளவில் பிரிண்ட் போடவும் சேவர் போதும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அரிது. ஆனால் சுருங்கியதைப் பிறகு பழையபடி விரிக்க முடியாது. இடம் இருக்கிறவர்கள் ஒரிஜினலையே வையுங்கள்.

இரண்டாவது மொபைல் டேட்டா. வைஃபையில் மட்டும் ஏற வேண்டுமா, டேட்டாவிலும் ஏறலாமா என்று இங்கே சொல்லலாம். வீட்டில் வைஃபையே இல்லாதவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால், பேக்கப் ஆன் ஆகியிருந்தும் ஒரு படம்கூட ஏறாது. தினசரி இத்தனை எம்பி வரை என்று வரம்பு வைக்கும் வசதியும் உண்டு.

மூன்றாவதுதான் எல்லோரும் தவறவிடுவது, ஃபோல்டர்கள். இயல்பாக ஏறுவது கேமரா ஃபோல்டர் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், ஸ்கிரீன்ஷாட், டவுன்லோட் எல்லாம் தனித்தனி ஃபோல்டர்கள். அதே பேக்கப் பக்கத்தில் 'பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் ஒவ்வொரு ஃபோல்டர் பெயருக்கும் எதிரே ஒரு பட்டன். 'வாட்ஸ்அப் இமேஜஸ்' பட்டனை ஆன் செய்யலாமா? நாம் கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பதால், நாம் இருக்கும் படங்களை மற்றவர்கள்தான் எடுத்திருப்பார்கள். அவை வாட்ஸ்அப்பில்தான் வந்திருக்கும். அப்பா அம்மாவின் கடைசிப் படங்கள்கூடப் பலருக்கு அங்கேதான் இருக்கின்றன. ஆனால் ஆன் செய்தால் காலை வணக்கப் படங்களும் சேர்ந்து ஏறி இடத்தை அடைக்கும். நான் செய்வது இதுதான்: குடும்பத்தாரிடமிருந்து வரும் படங்களில் வேண்டியதை மட்டும் கூகுள் போட்டோஸில் திறந்து, தனியாக 'பேக்கப்' கொடுத்துவிடுகிறேன். அதற்கெல்லாம் நேரமில்லை என்றால் ஆன் செய்துவிடுங்கள். குப்பையை அப்புறம் அழிக்கலாம், போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஐபோனில்

செட்டிங்ஸ், உங்கள் பெயர், ஐகிளவுட், போட்டோஸ் என்ற வரிசையில் போய் 'சிங்க் திஸ் ஐபோன்' என்பதை ஆன் செய்யுங்கள். ஐபோன் எல்லாப் படங்களையும் ஒரே நூலகமாக வைப்பதால் ஃபோல்டர் தொல்லை குறைவு. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்தவை அந்த நூலகத்துக்குள் சேர்ந்திருந்தால்தான் ஏறும்.

அதே இடத்தில் இரண்டு தேர்வுகள் உண்டு. 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' என்றால், போனில் இடம் குறையும்போது முழு அளவுப் படம் ஐகிளவுடில் இருக்கும், போனில் சிறிய வடிவம் மட்டும் இருக்கும். 'டவுன்லோட் அண்ட் கீப் ஒரிஜினல்ஸ்' என்றால் முழுப் படம் இரண்டு இடத்திலும் இருக்கும். முதலாவதைத் தேர்ந்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்தப் போனைக் கணினியோடு இணைத்து நகல் எடுத்தால் எல்லா முழுப் படங்களும் வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது, பல படங்கள் போனிலேயே இல்லை.

ஐபோனில் கூகுள் போட்டோஸையும் பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால், அனுமதி கேட்கும்போது எல்லாப் போட்டோக்களுக்கும் அனுமதி கொடுங்கள். தேர்ந்தெடுத்த சில படங்களுக்கு மட்டும் என்று கொடுத்துவிட்டால் அந்தச் சிலவற்றோடு நின்றுவிடும்.

முதல் முறை ஏற்றும்போது பொறுமை வேண்டும்

20 ஜிபி இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் இணையத்தின் அப்லோட் வேகம், அதாவது ஏற்றும் வேகம், நொடிக்கு 10 மெகாபிட் (8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி) என்றால் இடைவிடாமல் ஏறினாலும் நாலரை மணி நேரம் ஆகும். இணைய நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்வது பெரும்பாலும் டவுன்லோட் வேகத்தை, அப்லோட் பல இடங்களில் அதைவிடக் குறைவு. ஆகவே இரவில் போனைச் சார்ஜில் போட்டு, வைஃபையில் இணைத்துவிட்டுத் தூங்குங்கள். இரண்டு மூன்று இரவுகள்கூட ஆகலாம்.

நடுவில் நின்றுவிட்டால் முதலில் பேட்டரி சேவரைப் பாருங்கள். ஆண்ட்ராய்டின் பேட்டரி சேவரும் ஐபோனின் 'லோ பவர் மோட்' வசதியும் பின்னணி வேலைகளை நிறுத்திவிடும். சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, திரை அணைந்ததும் ஆப்களை மூடிவிடுகின்றன. செட்டிங்ஸில் கூகுள் போட்டோஸ் ஆப்பைத் திறந்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் சரியாகும்.

இப்போது சரிபாருங்கள்

இந்த ஒரு படிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். போனை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கணினியிலோ நம்பிக்கையான வேறொருவர் போனிலோ பிரவுசரைத் திறங்கள். கூகுள் என்றால் போட்டோஸ்.கூகுள்.காம், ஆப்பிள் என்றால் ஐகிளவுட்.காம். உங்கள் கணக்கில் நுழையுங்கள். பாஸ்வேர்டு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

நேற்று எடுத்த படம் இருக்கிறதா? போனில் இருக்கும் மிகப் பழைய படம் இருக்கிறதா? நடுவில் ஏதாவது ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு போனையும் திரையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு நீளமான வீடியோவைத் திறந்து கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். மிக முக்கியமான ஒரு படத்தை டவுன்லோட் செய்து, பெரிதாக்கிப் பாருங்கள். முகம் தெளிவாக இருந்தால் அந்தப் படம் பத்திரம். வேலை முடிந்ததும் அந்தக் கருவியிலிருந்து மறக்காமல் வெளியேறுங்கள்.

போனிலேயே ஒரு படத்தைப் பற்றித் தெரிய வேண்டுமா? கூகுள் போட்டோஸில் அதைத் திறந்து விரலால் மேல்நோக்கித் தள்ளுங்கள். தேதி, இடம், அளவு என்று வரும் விவரங்களில் 'பேக்டு அப்' என்று இருந்தால் ஏறிவிட்டது. இல்லையென்றால் அந்தப் படம் இன்னும் போனில் மட்டும்தான் இருக்கிறது.

அழிப்பதில்தான் ஆபத்து

பேக்கப் ஆனதும் அடுத்து எல்லோரும் செய்வது, போனில் இடம் பிடிக்கிறதே என்று படங்களை அழிப்பது. இங்கேதான் நிறையப் பேர் கைதவறி இழக்கிறார்கள். கிளவுடை, போன் படங்களின் இன்னொரு நகல் இருக்கும் அலமாரி என்று நினைக்கிறோம். ஆனால் இந்த ஆப்கள் போனையும் கிளவுடையும் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கின்றன. ஐபோனின் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் ஐகிளவுடிலும் போய்விடும், அதே கணக்கில் இருக்கும் ஐபேடிலும் போய்விடும். கூகுள் போட்டோஸில் குப்பைத்தொட்டி அடையாளத்தைத் தொட்டாலும் அப்படித்தான், போனிலும் கிளவுடிலும் சேர்த்தே போகும்.

போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் கூகுள் போட்டோஸில் வட்டத்தைத் தொட்டு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்ட படங்களை மட்டும் போனிலிருந்து நீக்கும், கிளவுடில் தொடாது. தனி ஒரு படத்துக்கு 'டிலீட் ஃப்ரம் டிவைஸ்' உண்டு. ஐபோனில் இதற்குத் தனிப் பட்டன் தேவையில்லை. மேலே சொன்ன ஆப்டிமைஸ் தேர்வு அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும்.

தவறுதலாக அழித்துவிட்டால் பதற வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். கூகுள் போட்டோஸ் குப்பைத்தொட்டியில் பேக்கப் ஆன படம் 60 நாள் இருக்கும், ஆகாத படம் 30 நாள். ஐபோனில் 'ரீசன்ட்லி டிலீட்டட்' ஆல்பத்தில் 30 நாள். அதற்குள் போய் மீட்டுவிடலாம்.

இடம் நிரம்பினால்

நிரம்பியதும் புதுப் படம் ஏறாது. சித்திக்கு நடந்தது அதுதான். கூகுள் போட்டோஸின் பேக்கப் பகுதியிலேயே 'மேனேஜ் ஸ்டோரேஜ்' இருக்கிறது. பெரிய வீடியோக்கள், மங்கலான படங்கள், ஸ்கிரீன்ஷாட்கள் என்று அதுவே பிரித்துக் காட்டும். பெரிய வீடியோவிலிருந்து தொடங்குங்கள். தெரியாமல் பாக்கெட்டுக்குள் ஓடிய பத்து நிமிட வீடியோ ஒன்று அகப்பட்டால் ஒரே தொடுதலில் ஒரு ஜிபிக்கு மேல் மிச்சம். ஜிமெயிலில் பெரிய இணைப்புகளோடு கிடக்கும் பழைய மின்னஞ்சல்களையும் அழிக்கலாம். குப்பைத்தொட்டியைக் காலி செய்த பிறகுதான் இடம் உண்மையில் திரும்பக் கிடைக்கும்.

'உங்கள் கிளவுட் நிரம்பிவிட்டது, இன்றே கட்டணம் செலுத்தாவிட்டால் போட்டோக்கள் அழிந்துவிடும்' என்று மின்னஞ்சலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ இணைப்போடு வந்தால் தொடாதீர்கள். இந்தப் பெயரில் மோசடி நிறைய நடக்கிறது. உண்மையிலேயே நிரம்பியிருக்கிறதா என்று ஆப்பைத் திறந்து நீங்களே பாருங்கள்.

கணக்கை இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் கூகுள் அதையும் அதிலுள்ள படங்களையும் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அளவுக்கு மேல் நிரம்பிய நிலையில் இரண்டு ஆண்டு அப்படியே விட்டாலும் படங்களைக் கூகுள் நீக்கலாம். பழைய போனோடு மறந்துபோன பழைய கணக்கு, இறந்துபோன பெரியவர்களின் கணக்கு ஏதாவது இருந்தால் இந்த வாரமே ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

இன்னொரு நகல்

கிளவுடில் ஒன்று இருந்தால் போதுமா? கணக்கை யாராவது கைப்பற்றலாம், நிறுவனமே முடக்கலாம், நாமே அழித்துவிடலாம். ஈடு செய்ய முடியாத படங்களுக்கு மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது புகைப்படக்காரர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. போன், கிளவுட், வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் என்றால் இந்தக் கணக்கு நிறைவேறிவிடும்.

ஹார்ட் டிஸ்கில் எடுக்க எளிய வழி, போனைக் கேபிளால் கணினியோடு இணைத்து 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டரை அப்படியே நகலெடுப்பது. போனில் இல்லாமல் கிளவுடில் மட்டும் இருக்கும் படங்களுக்கு, கூகுள் கணக்கில் 'டேக்அவுட்' என்ற வசதி உண்டு. கேட்டால் எல்லாவற்றையும் கட்டுக்கட்டாக ஜிப் (பல படங்களை ஒன்றாக அடக்கிய) கோப்புகளாக்கித் தரும். டவுன்லோட் இணைப்பு ஏறக்குறைய ஒரு வாரம்தான் செல்லும், வந்ததும் எடுத்துவிடுங்கள்.

போனைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்பும், பழைய போனை விற்கும் முன்பும், ரீசெட் செய்யும் முன்பும் மேலே சொன்ன பிரவுசர் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். பழுதுபார்ப்பவர்கள் உள்ளே இருப்பதை அழிக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்வதுண்டு. அப்போது கடையில் நின்றுகொண்டு பேக்கப் எடுக்க நேரம் இருக்காது.

சித்தி இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அன்று மகளின் கணினியில் தன் கணக்கைத் திறந்து, முந்தைய நாள் எடுத்த படம் வந்திருக்கிறதா என்று தேடுகிறார். இரண்டு நிமிட வேலை. போன மாதம் இல்லை என்று எனக்குப் போன் செய்தார். பேட்டரி சேவர் ஆன் ஆகியிருந்தது. அணைக்கச் சொன்னேன், அன்று இரவே எல்லாம் ஏறிவிட்டது.